திரைக்கு வெளியே வந்த குரல்

கிழக்கின் அரங்குகள் – 9

சென்ற இதழில் பார்த்த நோ அரங்கில் ஒரு குழலும் மூன்று மேளங்களும் இருந்தன. தந்தி வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஜப்பானின் உயர்ந்த நாடகம் மூச்சையும் தோலையும் நம்பியே நடந்தது. தந்தியை நம்பி இன்னொரு நாடகம் பிறப்பதற்கு ஒரு கப்பல் வர வேண்டியிருந்தது.

எய்ரோக்கு என்று ஜப்பானியர் குறிக்கும் ஆண்டுகளில், அதாவது 1558க்கும் 1570க்கும் இடையில், ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள சகாய் துறைமுகத்தில் ரியூக்யூ தீவுகளிலிருந்து மூன்று தந்தி வாத்தியம் ஒன்று வந்திறங்கியது. இன்று ஒக்கினாவா என்று நாம் சொல்லும் அந்தத் தீவுகளில் அதற்குச் சான்ஷின் என்று பெயர். சீனத்திலிருந்து ரியூக்யூவுக்குப் போனது அது. சிறிய குடம், நீண்ட கழுத்து, குடத்தின் மேல் மலைப்பாம்புத் தோல். விரலில் மாட்டிய கொம்பு நகத்தால் மெல்ல மீட்டினால் போதும், இனிமையாகப் பாடும்.

சகாயில் அதை முதலில் கையில் எடுத்தவர்கள் பார்வையற்ற கதைசொல்லிகள் என்பது மரபுச் செய்தி. ஹெய்கே குலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பிவா என்னும் தந்தி வாத்தியத்தோடு ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கொம்பு நகம் பழக்கமில்லை. பிவாவை மீட்டும் பாச்சிதான் கைக்குப் பழகியது. அது நுனி அகன்ற பெரிய மரப் பட்டை. அதே பட்டையால் புதிய வாத்தியத்தையும் மீட்டினார்கள். பட்டை தந்தியில் விழுந்த வேகத்தில் குடத்தின் தோலிலும் அறைந்தது. அந்த அறையைப் பாம்புத் தோல் தாங்கவில்லை. ஜப்பானின் பெருந்தீவுகளில் மலைப்பாம்பும் கிடையாது. கிழிந்தால் மாற்றவும் வழியில்லை. பூனைத் தோலையும் நாய்த் தோலையும் இழுத்துக் கட்டினார்கள்.

இந்த மாற்றத்தைக் கடந்து போக எனக்கு மனமில்லை. பின்னால் வரப்போகும் நாடகம் முழுவதும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. பட்டை தந்தியையும் தோலையும் ஒரே அடியில் தொடுவதால், ஷாமிசென் என்று பெயர் பெற்ற இந்தப் புதிய வாத்தியம் பாதி தந்தியாகவும் பாதி மேளமாகவும் ஆகிவிட்டது. ஒரே ஆள், ஒரே கை. சுருதியும் உண்டு, அடியும் உண்டு. இன்னொன்றையும் பிவாக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஷாமிசெனின் தடித்த தந்தி மேல் முனையில் மேட்டில் ஏறாமல் கழுத்தை ஒட்டியே கிடக்கும். மீட்டும்போது மரத்தில் உரசி ஒரு ரீங்காரம் எழும். சவாரி என்று அதைச் சொல்வார்கள். தம்புராவின் ஜீவாவைக் கேட்டுப் பழகிய காது இதை உடனே இனம் கண்டுகொள்ளும். தூய நாதம் வேண்டும் என்று இந்த ரீங்காரத்தை யாரும் களைந்துவிடவில்லை. மனிதக் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் உட்காரத் தகுந்த ஒலி அதுதான் என்று அந்தக் கதைசொல்லிகளின் காதுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது மக்களிடையே பெரிதும் பரவியிருந்த கதைகளில் ஒன்று, ஜோருரி என்ற இளவரசிக்கும் இளம் வீரன் யோஷிட்சுனேவுக்கும் இடையிலான காதல். அந்த இளவரசியின் பெயராலேயே இந்தக் கதைப்பாட்டு வகைக்கு ஜோருரி என்று பெயர் நிலைத்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோருரி பாடுபவர்கள் ஷாமிசெனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நிஷினோமியாவிலும் அவாஜித் தீவிலும் கோயில் சடங்குகளுக்காகப் பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்களோடு வந்து சேர்ந்தார்கள். கதை சொல்பவர், தந்தி மீட்டுபவர், பொம்மை ஆட்டுபவர் என்று மூன்று தனித்தனித் தொழில்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. யார் பெரியவர் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு ஒரு விடை கிடைக்க நூறு ஆண்டுகள் ஆயின. கிடைத்த விடை கலைந்து போகவும் அதிக காலம் ஆகவில்லை.

முதல் அறுபது எழுபது ஆண்டுகளை விரைவாகவே கடந்துவிடலாம். ஊருக்கு ஒரு பாணி, பாடகருக்கு ஒரு பாணி. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், முரட்டு வீரர்களின் கதைகளுக்குக் கிராக்கி இருந்தது. அங்கே இசுமிடாயூ என்ற பாடகர் இரும்புக் கோலால் தாளம் தட்டியபடி கர்ஜித்தார் என்று சொல்வார்கள். 1657இன் பெருந்தீயில் எடோ சாம்பலான பிறகு ஜோருரியின் மையம் மேற்கே, கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நகர்ந்தது. பாடகரும் ஷாமிசென்காரரும் திரைக்குப் பின்னாலேயே மறைந்திருந்தார்கள். பார்வையாளர் கண்டது பொம்மையை. கேட்டது முகம் தெரியாத குரலை.

ஒசாகாவின் டென்னோஜியில் ஓர் உழவர் வீட்டில் 1651இல் பிறந்தவர், பின்னாளில் டக்கேமோட்டோ கிடாயூ என்று புகழ்பெற்றவர். பெரிய சாரீரம். உள்ளூர் ஆசிரியரிடம் பயின்றபின் கியோட்டோவின் முன்னணிப் பாடகர் உஜி காகனோஜோவின் குழுவில் சேர்ந்து பாடினார். அங்கிருந்து பிரிந்து வந்து 1684இல் ஒசாகாவின் டோட்டோன்போரி கால்வாய்க்கரையில் சொந்தமாக அரங்கு திறந்தார். டக்கேமோட்டோ அரங்கு என்று வரலாறு அதை அழைக்கிறது. திறப்பு நாடகம் சிக்காமட்சு மொன்சாயெமொன் எழுதியது. அதுவும் காகனோஜோவுக்காக எழுதப்பட்ட நாடகம்! பழைய தலைவரின் நாடகத்தையே எடுத்துப் பாடித் தன் கடையைத் திறந்திருக்கிறார் கிடாயூ.

காகனோஜோ சும்மா இருப்பாரா? அடுத்த ஆண்டே, 1685இல், குழுவோடு ஒசாகாவுக்கு வந்து போட்டிக்குக் கொட்டகை போட்டார். நாடகம் எழுதிக் கொடுத்தவர் சாதாரண ஆள் இல்லை; அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கதாசிரியர் இஹாரா சைக்காக்கு. ஒரு பக்கம் சைக்காக்குவின் எழுத்தும் காகனோஜோவின் நயமான குரலும். மறுபக்கம் சிக்காமட்சுவின் எழுத்தும் கிடாயூவின் கனத்த குரலும். ஒசாகா நகரமே கட்சி பிரிந்து கேட்டது. இடையில் காகனோஜோவின் கொட்டகை தீப்பிடித்தது. அவர் கியோட்டோவுக்குத் திரும்பிவிட்டார். அதே ஆண்டில் கிடாயூவுக்கென்றே சிக்காமட்சு எழுதிய காகேகியோ நாடகம் அரங்கேறியது. பழைய ஜோருரிக்கும் புதிய ஜோருரிக்கும் எல்லைக்கல்லாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

இரண்டு குரல்களின் மோதலுக்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. காகனோஜோ 1678இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பின் முன்னுரையில், ஜோருரிக்குத் தனியாக ஆசான் இல்லை, நோ பாட்டையே பெற்றோராகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தை எழுதியிருந்தார். சாமுராய்களின் சபைகளில் மரியாதை பெற்ற கலை நோ. கடைவீதிக் கலைக்கு அதன் வம்சாவளியைக் கோருவது ஒரு கௌரவம். 1687இல் கிடாயூ தம் தொகுப்பை வெளியிட்டபோது இதற்குப் பதில் சொன்னார். தமக்கு முன் பாடிய ஜோருரி மேதைகளே பெற்றோர். நோ வளர்ப்புப் பெற்றோர் என்றார். முழுதாகத் தள்ளவும் இல்லை. ஆனால் யாருடைய பிள்ளை என்பதில் அவருக்குத் தடுமாற்றமும் இல்லை. ஒரு கலைஞர் தமக்கு முன்னிருந்த வீதிப் பாடகர்களுக்குக் கொடுத்த இந்த மரியாதை, அந்த நூற்றாண்டின் ஜப்பானில் சிறிய செயல் ஆகாது.

இதற்கு இசைக் காரணமும் உண்டு. நோ பாட்டு எட்டு அட்சரக் கட்டுக்குள் ஓடும். ஏழும் ஐந்துமாகப் பன்னிரண்டு அசைகள் அதற்குள் அடுக்கப்படும். தெய்வமும் ஆவியும் பேச அது ஏற்றது. கடன்காரனும் கடைப்பையனும் பேச அது போதாது. கிடாயூ உருவாக்கிய பாணியில் பேச்சு, இசையோடு கூடிய கதைசொல்லல், முழுப் பாட்டு என மூன்று தளங்கள் உண்டு. பாடகர் ஒரே வாக்கியத்துக்குள் பேச்சில் தொடங்கிப் பாட்டில் முடிப்பார். ஷாமிசெனும் பேச்சுக்கு விலகி நிற்கும், கதைக்கு நெருங்கி வரும், பாட்டில் தோள் கொடுக்கும். குரல் போன சுருதியிலேயே தந்தியும் ஒட்டிக்கொண்டு போனால் தேர்ந்த ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது.

இந்தப் பொம்மை நாடகத்துக்கு இன்றைய பெயர் புன்ராக்கு. ஒசாகாவின் தேசிய புன்ராக்கு அரங்கில் இன்றும் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேடையின் பக்கவாட்டில், பார்வையாளருக்கு வலப்புறமாக, ஒரு சிறிய துணைமேடை நீண்டிருக்கும். பொன்னிறத் தட்டியோடு சேர்ந்து அதன் நடுப்பகுதி சுழலும். பாடகரும் ஷாமிசென்காரரும் உட்கார்ந்த நிலையிலேயே தோன்றுவார்கள். கறுப்பு உடைக்காரர் ஒருவர் இருவர் பெயரையும் அறிவிப்பார். டாயூ என்று அழைக்கப்படும் அந்தப் பாடகர், அரக்குப் பூசிய சாய்மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து நெற்றிக்கு உயர்த்தி வணங்குவார். வரிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்தான். ஆனாலும் புத்தகம் எதிரில் இருந்தே ஆக வேண்டும். எழுதியவரின் சொல்லைத் தாண்டிப் போகமாட்டேன் என்பதற்கு அது அடையாளம். பக்கத்துக்கு ஐந்தே வரிகள், தடித்த தூரிகை எழுத்து.

அவருடைய உடைக்குள் நடப்பது நமக்குத் தெரியாது. அடிவயிற்றில் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றியிருப்பார். மணலும் பயறும் நிரப்பிய ஒரு பையை மடிக்குள் சொருகியிருப்பார். கால்விரல்களை மடித்து ஊன்றி, இடுப்புக்குக் கீழே ஒரு சின்ன மணையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாம் குரல் தொண்டையில் பிறக்காமல் வயிற்றில் பிறப்பதற்காக. ஒரே ஆள் கிழவியாக இருமுவார், ஐந்து வயதுக் குழந்தையாகச் சிணுங்குவார், தளபதியாக உறுமுவார், இவர்கள் யாருமில்லாத கதைசொல்லியாகவும் நடுவில் வந்து போவார். ஒரு வில்லனின் சிரிப்பு மட்டுமே சில நிமிடம் நீளும். முதலில் மூக்கில் ஒரு சின்ன ஓசை, பிறகு தோள் குலுங்கல், பிறகு வயிற்றிலிருந்து எழும் வெடிப்பு, மூச்சு முட்டி அடங்கல், மறுபடி எழல். அரங்கமே சேர்ந்து கைதட்டும்.

பக்கத்தில் ஷாமிசென்காரர் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருப்பது இந்தக் குடும்பத்திலேயே கழுத்துப் பருத்த வகை. தடித்த பட்டுத் தந்திகள், ஈயம் ஏற்றிக் கனப்படுத்திய குதிரை, கனத்த தந்தப் பாச்சி. அவருக்கு எதிரில் ஏடு எதுவும் இல்லை. அடுத்த காட்சி பனி பெய்யும் முற்றமா, கடன்காரன் வந்து நிற்கும் வாசலா என்பதை அவர் போடும் முதல் அடி சொல்லிவிட வேண்டும். டாயூ மூச்சு எடுக்கும் இடத்தை அவரே திறந்து கொடுப்பார். குரல் தளர்ந்தால் தம் தொண்டையிலிருந்து ஒரு சிறு கூவலை எழுப்பி ஊக்குவார். வேகத்தின் கடிவாளம் உண்மையில் அவர் கையில்தான். கிடாயூவுக்கு அப்படி வாய்த்தவர் டக்கேசாவா கொன்எமோன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வரிசையின் சிகரமாகிய டொயோசாவா தம்பெய் 1898இல் வாசித்துக்கொண்டிருந்த மேடையிலேயே சரிந்து உயிர்விட்டார்.

1703க்கு வருவோம். புகழ் இருந்தும் டக்கேமோட்டோ அரங்கு கடனில் மூழ்கிக் கிடந்தது. அந்த ஆண்டு ஒசாகாவின் சோனெசாக்கித் தோப்பில் சோயா சாறு வணிகரின் கடை ஊழியர் ஒருவரும் அவர் காதலித்த விலைமகளும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் சிக்காமட்சு அதை நாடகமாக்கினார். அதுவரை ஜோருரிக்கு வீரர்களும் பிரபுக்களும்தான் பாத்திரங்கள். இப்போது பக்கத்துத் தெருக்காரர்கள். இந்த நாடகத்தின் உச்சம், இருவரும் விடியலுக்கு முன் தோப்பை நோக்கி நடக்கும் பயணக் காட்சி. நிகழ்ச்சி என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. இரண்டு பேர் நடக்கிறார்கள், விடியல் மணியின் அடிகளை எண்ணுகிறார்கள். மீதி முழுவதும் குரலும் தந்தியும். செய்தியாக ஊர் வாய்க்கு வாய் பேசி முடித்துவிட்ட ஒரு சாவை இசை எடுத்து வேறோர் உயரத்தில் வைத்தது. நோவிலிருந்து வந்த பயணப்பாட்டு மரபு அது. இப்போது அதில் நடந்தவர் துறவியோ ஆவியோ இல்லை, கடை ஊழியர். கிடாயூ சொன்ன வளர்ப்புத் தாய்க்கு இதைவிட நல்ல நன்றிக்கடன் இருந்திருக்க முடியாது.

அரங்கின் கடன் தீர்ந்தது. களைத்துப்போன கிடாயூ ஓய்வு கேட்டார். நிர்வாகத்தை டக்கேடா இசுமோ ஏற்றுக்கொண்டு, பாடுவது மட்டும் உங்கள் வேலை என்று அவரைத் தக்கவைத்தார். 1705இல் ஒரு மணிக்கோபுரக் காட்சியில் கிடாயூ, கொன்எமோன், பொம்மலாட்டக்காரர் டட்சுமட்சு ஹச்சிரோபெய் மூவரும் பார்வையாளர் முன்னால் முகம் காட்டினார்கள். திரைக்குப் பின்னால் இருந்த குரல் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பின் மக்கள் பொம்மையைப் பார்ப்பதற்கு இணையாக டாயூவின் முகத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

கிடாயூவின் சீடர் ஒருவர் 1703இல் அதே டோட்டோன்போரியில் போட்டி அரங்கு திறந்தார். டொயோட்டாக்கே வாக்காடாயூ என்று பெயர். டக்கேமோட்டோ அரங்கு தெருவின் மேற்கே, இது கிழக்கே. வாக்காடாயூவின் குரல் தெளிந்தது, உச்சத்தில் மின்னுவது. அலங்காரம் மிகுந்த பாட்டு அவருடையது. 1714இல் கிடாயூ மறைந்தபின் மேற்கு அரங்கின் பொறுப்பை ஏற்றவர் இருபது வயதைத் தாண்டியிருந்த மாசாடாயூ. அவர் குரல் சின்னது. அந்தக் குறையையே அவர் பாணியாக்கினார். ஓசையைக் குறைத்து, பாத்திரத்தின் உள்மனதைப் பேசவைத்தார். 1715இல் சிக்காமட்சு கொடுத்த கொக்குசென்யா நாடகம் பதினேழு மாதம் ஓடியது. மேற்குப் பாணி அடக்கம், கிழக்குப் பாணி அழகு என்ற வேறுபாடு இப்படித்தான் நிலைபெற்றது. எந்தக் காட்சி எந்த அரங்கில் பிறந்ததோ அந்தப் பாணியின் சாயலை இன்றும் பாடகர்கள் காப்பாற்றுகிறார்கள்.

பொம்மைகள் மட்டும் அப்படியே நிற்கவில்லை. ஒருவர் தூக்கி ஆட்டிய பொம்மையை 1734இல் மூவர் சேர்ந்து ஆட்டத் தொடங்கினார்கள். தலையும் வலக்கையும் ஒருவருக்கு, இடக்கை இன்னொருவருக்கு, கால்கள் மூன்றாமவருக்கு. கண் உருண்டது, புருவம் ஏறியது, விரல் மடங்கியது. இவ்வளவும் செய்ய நேரம் வேண்டும். அந்த நேரம் டாயூவின் மூச்சில் அடங்கியிருந்தது.

1746, 1747, 1748 ஆகிய மூன்று ஆண்டுகளில் மேற்கு அரங்கு மூன்று பெரும் நாடகங்களை அடுத்தடுத்து மேடையேற்றியது. மூன்றாவது, நாற்பத்தேழு சாமுராய்களின் பழிவாங்கலைச் சொல்லும் சூஷிங்குரா. அதன் ஒன்பதாம் அங்கத்தில் தலைமைப் பாத்திரம் யூரானோசுகேயை ஆட்டிய யோஷிடா புன்சாபுரோ, பொம்மை அசைவுக்கு அவகாசம் தேவை என்று டாயூவிடம் கேட்டார். பாட்டைச் சற்றே இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். டாயூ கொனோடாயூ மறுத்தார். ஆட்டத்துக்காகப் பாட்டை வளைப்பதா என்பது அவர் நிலை. பிணக்கு முற்றி, நிர்வாகம் புன்சாபுரோவின் பக்கம் நின்றது. கொனோடாயூ வெளியேறிக் கிழக்கு அரங்குக்குப் போய்விட்டார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் இடம் மாறினார்கள். அங்கிருந்து இங்கும் வந்தார்கள். அரை நூற்றாண்டாகத் தெருவின் இரு முனைகளில் தனித்தனியே காக்கப்பட்ட இரண்டு பாணிகளும் கலந்துபோயின.

நான் கொனோடாயூவின் கட்சி. மூன்று பேர் ஆட்டும் பொம்மை எவ்வளவு நுட்பமானாலும், அதற்கு உயிர் வருவது குரலிலிருந்து. மூச்சின் கணக்கில் அமைந்த பாட்டை அசைவின் கணக்கில் இழுத்தால் முதலில் சாவது பொம்மைதான். ஆனால் புன்சாபுரோவையும் குறை சொல்ல மாட்டேன். தம் கலையின் எல்லையை விரித்த மேதை அவர். விரிந்த எல்லைக்கு இடம் கேட்டார். நிர்வாகம் கூட்டத்தை எண்ணியது. கூட்டம் அப்போது கண்ணுக்காக வந்துகொண்டிருந்தது.

அதன்பின் டோட்டோன்போரியின் பொம்மை அரங்குகளுக்கு இருபது ஆண்டுகூட வாழ்வு இல்லை. கிழக்கு அரங்கு 1765இலும் மேற்கு அரங்கு 1767இலும் அந்தத் தெருவில் மூடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவாஜியிலிருந்து வந்த உயெமுரா புன்ராக்குக்கென் குடும்பம் பொம்மை நாடகத்தை மறுபடி தூக்கி நிறுத்திய கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

மேற்கு அரங்கின் நாடகங்கள் அனாதையாகவில்லை. சூஷிங்குரா அரங்கேறிய அதே 1748இன் முடிவில், பொம்மைக்குப் பதில் மனிதர்களே நடிக்கும் கபுகி நாடகத்தின் ஒசாகா நடிகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு எடோவின் மூன்று பெரிய கபுகி அரங்குகளும் மேடையேற்றின. நாடகத்தோடு டாயூவையும் ஷாமிசெனையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். பேச்சை நடிகர்களே பேசினார்கள். கதைசொல்லல் மட்டும் மேடையோரத்தில் உட்கார்ந்த டாயூவுக்கு விடப்பட்டது. அங்கே நடிகர் திரும்பும்வரை டாயூ காத்திருக்க வேண்டும், நடிகர் கண்ணைத் துடைக்கும்வரை தந்தி தாமதிக்க வேண்டும். புன்சாபுரோ கேட்ட அவகாசம் கபுகியில் விதியாகவே ஆகிவிட்டது.

எடோவில் அதற்கு முன்பே ஷாமிசென் பாட்டு ஒன்று அரசையே மிரட்டியிருந்தது. கேட்டவர்களைக் காதல் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று சொல்லி ஷோகன் அரசு 1739இல் ஒரு பாணியையே மேடையிலிருந்து விரட்டியது. அடுத்த இதழில் அந்தத் தடையும், தடைக்குப் பின் சீடர்கள் வேறு பெயர்களில் அதை மீட்ட விதமும்.